மெக்சிகோ கரையில் எட்டு மணி நேரம்: செய்யக்கூடாதவை

போன ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக் கால்வெஸ்டனில் ஏறிய க்ரூஸ். மெக்சிகோவின் கொசுமெல் தீவைத் தொடுவதற்கு முந்தின நாள். ராத்திரி சாப்பாட்டில் பக்கத்து மேசையில் நான்கு தமிழ்ப் பிள்ளைகள், ஆஸ்டினிலிருந்து வந்தவர்கள், முதல் கப்பல் பயணம். பேப்பர் நாப்கினில் திட்டம் எழுதிக்கொண்டிருந்தார்கள்: காலை சிச்சென் இட்சா பிரமிடு, மதியம் துலூம் இடிபாடுகள், சாயங்காலம் பீச். நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்த ஒரு பையன், "பிளான் எப்படி அங்கிள்?" என்றான்.

நான் சிரித்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேலிச் சிரிப்பு இல்லை அது. பல வருஷம் முன்னால் என் சட்டைப்பையிலும் ஏறக்குறைய இதே நாப்கின் இருந்தது.

தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் குடியுங்கள், நகை போட்டுக்கொண்டு போகாதீர்கள் என்பதெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விட்டுவிடுகிறேன்.

தீவில் இறங்கிவிட்டு மறுகரைக்கு ஓடுவது

கொசுமெல் ஒரு தீவு. படங்களில் பார்க்கும், மாயன் என்ற பழங்கால இனத்தார் கட்டிய பெரிய பிரமிடு அங்கே இல்லை, எதிர்க்கரையில் இருக்கிறது. முதலில் பிளாயா தெல் கார்மென் ஊருக்குப் படகு, முக்கால் மணி நேரம். அங்கிருந்து துலூம் ஒரு மணி நேரம். சிச்சென் இட்சா என்றால் ஒரு வழிக்கே இரண்டரை மணி. போக வர படகும் காருமாகவே ஆறரை மணி நேரம் போய்விடும். கப்பல் நிற்பதே சுமார் எட்டு மணி நேரம்தான். இறங்கும் வரிசை, படகுக்குக் காத்திருப்பது, சாப்பாடு எல்லாம் கழித்தால் பிரமிடைப் பார்க்க எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் 'நோர்தே' என்கிற வடக்குக் காற்று கிளம்பினால் படகையே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் மறுகரையில் நின்று உங்கள் கப்பலுக்குக் கையசைக்க வேண்டியதுதான்.

போயே தீர வேண்டும் என்றால் கப்பலே விற்கும் சுற்றுலாவில் போங்கள். விலை கூடுதல்தான். ஆனால் அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. சொந்தமாகப் போனவருக்காக எந்தக் கப்பலும் நிற்காது.

மாயன் இடம் ஒன்று பார்த்தால் போதும் என்பவர்களுக்குத் தீவின் நடுவிலேயே சான் ஹெர்வாசியோ இருக்கிறது. இஷ்செல் என்ற பெண் தெய்வத்தின் தலம். அந்தக் காலத்தில் மாயன் பெண்கள் ஓடத்தில் கடல் தாண்டி இங்கே வேண்டுதலுக்கு வந்திருக்கிறார்கள். பெரிய பிரமிடு எதுவும் கிடையாது; சின்னச் சின்னக் கல் மண்டபங்கள், வெயில் காயும் இகுவானாக்கள், நிறையக் கொசு. எனக்குப் பிடித்த இடம்.

போன் காட்டும் நேரத்தை நம்புவது

இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிறது. என் மேல்தான்.

கொசுமெல் இருக்கும் கின்தானா ரோ மாநிலம் 2015 பிப்ரவரியில் தன் நேரத்தை மாற்றிக்கொண்டது. வருஷம் முழுக்க ஒரே நேரம். கோடைக்கு முன்னே தள்ளுவது, குளிர்காலத்துக்குப் பின்னே இழுப்பது எதுவும் இல்லை. அமெரிக்காவில் அந்த விளையாட்டு இன்னும் நடக்கிறது. கப்பலோ பெரும்பாலும் தான் கிளம்பிய ஊரின் நேரத்தையே வைத்துக்கொண்டு வரும். அதனால் கப்பல் கடிகாரத்துக்கும் கரைக் கடிகாரத்துக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம், நீங்கள் எந்த ஊரில் ஏறினீர்கள், எந்த மாதத்தில் ஏறினீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். கால்வெஸ்டனில் குளிர்காலத்தில் ஏறினால் கரை ஒரு மணி நேரம் முந்தி. கோடையில் ஏறினால் இரண்டும் ஒன்று. மயாமியில் குளிர்காலத்தில் ஏறினால் இரண்டும் ஒன்று. கோடையில் ஏறினால் கரை ஒரு மணி நேரம் பிந்தி. கடைசியாகச் சொன்னதுதான் ஆளைக் கவிழ்ப்பது.

எங்கள் முதல் இரண்டு பயணமும் கால்வெஸ்டனிலிருந்து, ஜனவரியில். கரையில் இறங்கியதும் போன் தானாக ஒரு மணி நேரம் முன்னே தாவியது. 'கொசுமெலில் போன் நேரத்தில் ஒன்றைக் கழித்தால் கப்பல் நேரம்' என்று மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். பெரிய அனுபவசாலி மாதிரி நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

மூன்றாவது பயணம் ஜூலையில், மயாமியிலிருந்து. நான், மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர். 4:30-க்குள் எல்லாரும் ஏறிவிட வேண்டும், 5 மணிக்குக் கப்பல் கிளம்பும். தீவின் கிழக்குப் பக்கம் டாக்சி பிடித்துப் போய், ஆளரவம் இல்லாத கரையில் உட்கார்ந்து மீன் சாப்பிட்டோம். போனில் மணி 3. என் கணக்குப்படி கப்பலில் 2. உண்மையில் கப்பலில் 4. ஒரு மணி நேரத்தைக் கூட்ட வேண்டிய இடத்தில் நான் கழித்துக்கொண்டிருந்தேன். ஆக இரண்டு மணி நேரப் பிசகு. "கிளம்பலாமா?" என்று மனைவி கேட்டாள். "நேரம் கிடக்கிறது" என்றேன். இந்த இரண்டு வார்த்தையை அவள் இன்னும் மறக்கவில்லை. வீட்டில் பால் பொங்கினால்கூடச் சொல்லிக் காட்டுகிறாள்.

வழியில் சான் மிகெல் ஊரில் நிறுத்தி ஊஞ்சல் தொட்டில் ஒன்றுக்கு நிதானமாகப் பேரம் பேசினேன். பியருக்கு, அதாவது கப்பல் நிற்கும் துறைக்கு, வந்து சேர்ந்தபோது போனில் 4:05. கப்பல் கரையைவிட்டு ஒரு தெரு அகலம் விலகியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் அது வேறு கப்பல் என்றுதான் நினைத்தேன். மேல்தளத்தில் வரிசையாக நின்றவர்கள் எங்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். கடைசி நேரத்தில் பியரில் ஓடிவருகிறவர்களை வேடிக்கை பார்ப்பது கப்பலில் ஒரு பொழுதுபோக்கு. நானும் முன்பு தட்டியிருக்கிறேன். இப்போது தட்டுவதில்லை.

பியரில் ஒருவர் கையில் கவருடன் எங்களுக்காகவே நின்றார், துறைமுக முகவர். ஆள் வரவில்லை என்று தெரிந்ததும் கப்பல்காரர்கள் அறைப் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டுகளை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்த மட்டும் புண்ணியம். பாஸ்போர்ட்டை வேறு பையில் செருகி வைத்திருந்தால் அதுவும் கப்பலோடு போயிருக்கும். விமானமும் ஏற முடியாது. அவர் கூடவே வந்து குடிவரவு அலுவலகத்தில் ஒரு தாள் வாங்கிக் கொடுத்தார். ஒரு ராத்திரி ஓட்டல். காலையில் படகு, பிளாயாவிலிருந்து கான்குன் விமான நிலையத்துக்கு பஸ், அங்கே கடைசி நேர விலையில் மயாமிக்கு நாலு டிக்கெட். டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் கப்பலுக்குக் கொடுத்ததைவிட அதிகம். என் பிரஷர் மாத்திரை கப்பலில். பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி கப்பலில். எங்களிடம் மிஞ்சியது ஊஞ்சல் தொட்டில்.

சரி, என்ன செய்யலாம்? போனில் 'நேரத்தைத் தானாக மாற்று' என்பதைக் கப்பல் ஏறும்போதே அணைத்துவிடுங்கள். அதைவிட நல்லது, முள் வைத்த சாதாரணக் கைக்கடிகாரம். எந்த டவரும் அதைத் தொடாது. இறங்கும்போது வாசலில் நிற்கும் சிப்பந்தியிடம் இப்போது கப்பல் மணி என்ன என்று கேட்டுச் சரிபாருங்கள். சில கப்பல்கள் துறைமுகத்தில் கரை நேரத்துக்கே மாறிக்கொள்ளும், அதனால் போன தடவை அனுபவத்தை நம்பக் கூடாது. பாஸ்போர்ட், விசா பக்கங்களின் நகலும் இரண்டு நாள் மாத்திரையும் கைப்பையில் இருக்கட்டும்.

மெக்சிகோவின் பசிபிக் பக்கத் துறைமுகங்களுக்குப் போகிறவர்களுக்கு இது தலைகீழாக வரும். லாஸ் ஏஞ்சலிஸில் குளிர்காலத்தில் ஏறினால் காபோவும் (காபோ சான் லூகாஸ்) மசட்லானும் ஒரு மணி நேரம் முந்தி, புவேர்ட்டோ வயார்ட்டா இரண்டு மணி நேரம் முந்தி. கப்பலைத் தவறவிட மாட்டீர்கள். கரையில் முன்பணம் கட்டிய சுற்றுலாவைத் தவறவிடுவீர்கள்.

டாலர் குறியைப் பார்த்து மிரள்வதும் ஏமாறுவதும்

மெக்சிகோ பணமான பெசோவுக்கும் அதே $ குறிதான். இளநீர் $80 என்று பலகையில் பார்த்துவிட்டு ஒரு பெரியவர், "பகல் கொள்ளை" என்று திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கமும் உண்டு. டாக்சிக்காரர் "இருபது" என்றால் எதில் இருபது, ஆளுக்கா வண்டிக்கா, ஒரு வழிக்கா இரண்டு வழிக்கா? மூன்றையும் ஏறுவதற்கு முன்பே கேளுங்கள். கொசுமெல் டாக்சியில் மீட்டர் கிடையாது, இடத்துக்கு இவ்வளவு என்று நிர்ணயக் கட்டணம். பியரிலேயே பலகை இருக்கும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். டாலரை வாங்கிக்கொள்வார்கள், சில்லறையைப் பெசோவில் தங்கள் கணக்குக்குத் தருவார்கள். ஓரம் கிழிந்த டாலர் நோட்டு செல்லாது. ஏடிஎம் 'உங்கள் நாட்டுப் பணத்தில் மாற்றித் தரட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள்.

எல்லாக் கடலும் ஒன்று என்று இறங்குவது

கொசுமெலின் மேற்குப் பக்கம் ஏரி மாதிரி இருக்கும். கிழக்குப் பக்கம் திறந்த கடல், அலையும் அடியில் இழுப்பும் அதிகம். அங்கே உட்கார்ந்து பார்க்கலாம், சாப்பிடலாம், ஓரமாகக் கால் நனைக்கலாம். காபோவில் இன்னும் மோசம். வளைவுப் பாறைக்குப் பக்கத்தில் 'காதல் கடற்கரை'. அதே மணலில் கொஞ்சம் நடந்து மறுபுறம் போனால் பசிபிக், அதற்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'விவாகரத்துக் கடற்கரை'. அங்கே நீந்தவே கூடாது. குளிக்க மெதானோ கடற்கரை இருக்கிறது.

மேற்குப் பக்கம் அமைதி என்றேன், ஆனால் நீரோட்டம் உண்டு, பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே. முகமூடி போட்டுக்கொண்டு மீனைப் பார்த்தபடி மிதந்தவன், தலையைத் தூக்கியபோது மூன்று படகுத்துறை தாண்டியிருந்தேன். திரும்பி வந்தது கொதிக்கும் தார் ரோட்டில், வெறுங்காலோடு. முதலில் ஓட்டத்தை எதிர்த்து நீந்துங்கள், திரும்பும்போது அது உங்களைக் கொண்டுவந்து விடும். கரையில் பல இடம் மணல் இல்லை, கத்தி மாதிரிப் பாறை. ரப்பர் செருப்பு அவசியம்.

நட்சத்திர மீனைத் தூக்கிப் படம் எடுப்பது

தண்ணீரைவிட்டு எடுத்தால் செத்துப்போகக்கூடும். வேண்டாம்.

சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டே பவளத்திட்டில் குதிப்பது

அந்தப் பவளத்திட்டுகள் 1996 முதல் தேசியப் பூங்கா. பூச்சு பவளத்துக்கு ஆகாது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குங்கள், பூச்சு அவ்வளவாகத் தேவைப்படாது.

ஸ்கூட்டர் வாடகை

நம்மூரில் ஓட்டிய கை என்று நினைத்து எடுக்காதீர்கள்.

இலவச டக்கீலா, இலவசக் காலைச் சாப்பாடு

டைம்ஷேர், அதாவது விடுதியில் வருஷத்துக்குச் சில நாள் தங்கும் உரிமை, விற்கிறார்கள். உங்கள் எட்டு மணி நேரத்தில் மூன்றைத் தின்றுவிடுவார்கள்.

வேப்

மெக்சிகோவில் வேப் எனும் மின் சிகரெட்டைக் கொண்டுவரவே தடை. கப்பலிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். சிகரெட்டும் 2023 ஜனவரியிலிருந்து பொது இடங்களில் கூடாது, பீச்சும் அதில் சேர்த்தி.

காபோவில் கடைசிப் படகு

காபோவில் கப்பல் கரைக்கு வராது. கரைக்குச் சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டுச் சின்னப் படகில் இறக்கும். அங்கே கெடு கப்பல் கிளம்பும் நேரம் அல்ல, கடைசிப் படகின் நேரம். அந்த வரிசை வெயிலில் நிற்கும்.

"பீன்ஸும் சோறும் சைவம்தானே?"

என் மாமியார் சுத்த சைவம். இரண்டாவது பயணத்தில் கூட வந்தவர், பீன்ஸ் மசியலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதைப் பல கடைகளில் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குகிறார்கள் என்று நான் பின்னால் தெரிந்துகொண்டேன். அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. சிவப்புச் சோறும் பெரும்பாலும் கோழிச் சாற்றில் வெந்தது. 'சின் கார்னே' என்று கேட்டால் கறித்துண்டு போடாமல் தருவார்கள், அவ்வளவுதான். "தியெனே மன்தேகா?" என்று கேளுங்கள். மன்தேகா என்றால் பன்றிக் கொழுப்பு. மன்தேக்கியா என்றால் வெண்ணெய். காதில் ஒழுங்காக வாங்கிக்கொள்ள வேண்டும். தோர்த்தியா எனும் சோள ரொட்டி, அவகாடோ, வறுத்த வாழைப்பழம் என்று கேட்டு வாங்கினால் வயிறு நிறையும்.

அப்புறம் மேசையில் இருக்கும் ஆரஞ்சு நிறச் சாஸ். ஹபனேரோ மிளகாய். 'நாங்கள் பார்க்காத காரமா' என்கிற வீறாப்பு இங்கே எடுபடாது. மிளகாயே அந்தப் பக்கத்திலிருந்துதான் போர்த்துகீசியர் கையால் நம்மிடம் வந்தது. ஆஸ்டின் பிள்ளைகள் கடைசியில் நாப்கினைக் கிழித்துப் போட்டுவிட்டு, சான் ஹெர்வாசியோவும் ஒரு பீச்சும் என்று முடித்துக்கொண்டார்கள். என்னிடம் பிளான் எப்படி என்று கேட்டானே, அவன் அந்தச் சாஸை ஒரு கரண்டி அள்ளிப் போட்டிருக்கிறான். நான் பியரில் பார்த்தபோது கண்ணில் நீர் வழிய, ஐஸ் டம்ளரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு வந்தான். அவன் போனில் மணி 4. கப்பலில் 3.