கோழிகள் கொத்தாகச் செத்தால் செய்யக் கூடாதவை

காலையில் ஷெட்டைத் திறந்தால் பத்துப் பதினைந்து கோழிகள் செத்துக் கிடக்கின்றன. கொண்டை நீலம் பாய்ந்திருக்கிறது, தலை வீங்கியிருக்கிறது, கால்களில் சிவப்புத் திட்டுகள். "வெள்ளைக்கழிச்சலாத்தான் இருக்கும்" என்று கடையில் ஒரு மருந்தை வாங்கித் தண்ணீரில் கலந்து வைத்துவிட்டு, ரெண்டு நாள் பார்ப்போம் என்று இருந்துவிடுகிறார்கள். மற்ற எல்லாத் தவறும் இங்கேதான் தொடங்குகிறது.

வெள்ளைக்கழிச்சலா, பறவைக் காய்ச்சலா என்று கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது. மாதிரி போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு ஆய்வகத்துக்குப் போய்த்தான் முடிவு தெரியும். 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப் பட்டியலில் இரண்டு நோயுமே இருக்கின்றன. அதனால் எந்த நோய் என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டுச் சொல்லத் தேவையில்லை. சந்தேகம் வந்தாலே கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ சொல்ல வேண்டும் என்கிறது சட்டம். கால்நடை மருத்துவரிடம் நேரே சொன்னால் இன்னும் நல்லது. தமிழ்நாட்டில் 1962 என்ற தொலைபேசி எண்ணுக்கும் அழைக்கலாம். செத்த கோழியை அறுத்துப் பார்ப்பதோ, பையில் போட்டுப் பஸ்ஸில் எடுத்துப் போவதோ வேண்டாம். மருத்துவர் பண்ணைக்கே வருவார்.

அடுத்தது, மிச்சமிருப்பதையாவது காசாக்கலாம் என்று வியாபாரியைக் கூப்பிடுவது. கூண்டு வண்டி, முட்டை அட்டை, எரு மூட்டை, ஆட்களின் செருப்பு என எதில் ஒட்டிக்கொண்டும் கிருமி அடுத்த ஊருக்குப் போய்விடும். கடன் வாங்கிப் பண்ணை வைத்தவரின் தவிப்பு புரிகிறது. ஆனால் பறவைக் காய்ச்சல் உறுதியானபின் அரசு ஆட்கள் அழிக்கும் கோழிக்குத்தான் இழப்பீடு; அதற்கு முன்பே செத்ததற்குக் கிடையாது. மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதி கொடுக்கின்றன. ஆக, மறைத்து வைக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் பணம்தான் போகிறது. இருப்புப் பதிவேட்டை அன்றாடம் எழுதி வையுங்கள், கணக்குக் காட்ட அது உதவும்.

பறவைக் காய்ச்சல் உறுதியானால் பண்ணையைச் சுற்றி 1 கி.மீ. தொற்றுப் பகுதி, அங்கிருந்து 10 கி.மீ. வரை கண்காணிப்புப் பகுதி. தொற்றுப் பகுதியில் கொல்லையில் மேயும் நாலு நாட்டுக்கோழியும் அழிக்க வேண்டிய கணக்கில் வரும். பாசத்தில் அதை ராத்திரியோடு ராத்திரியாக உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவோர் உண்டு. ஊர் முழுக்க அழித்தது வீணாக அந்த நாலு கோழி போதும்.

செத்ததை வாய்க்காலில் வீசுவது சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். வாத்துகளும் நீர்ப்பறவைகளும் அந்தத் தண்ணீரில்தான் இறங்குகின்றன. பண்ணைக்குள்ளேயே ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதே முறை. கால்நடைத் துறையினர் வந்தால் அவர்களே அதைச் செய்வார்கள்.

எல்லாம் முடிந்து ஷெட் காலியாகக் கிடக்கும்போது உடனே குஞ்சு இறக்கத் தோன்றும். கிருமிநீக்கம் முடிந்ததற்கான சான்று வாங்குங்கள், கண்காணிப்புக் காலமும் முடியட்டும். அதற்கு முன் குஞ்சுக்கு முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.