சைக்கிளுக்கு லைட் வாங்குவது எப்படி? தினமும் நகரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு

நவம்பரில் சென்னையில் மாலை 5.40 வாக்கில் சூரியன் மறைந்துவிடுகிறது. மழைக்காலமும் அதுதான். ஆனாலும் வேலையோ டியூஷனோ முடிந்து சைக்கிளில் திரும்புகிற பலர், தெருவிளக்குதான் இருக்கிறதே என்று லைட் மாட்டாமலே வருகிறார்கள். தெருவிளக்கில் உங்களுக்கு ரோடு தெரியும், சரி. ஆனால் எதிர் வண்டியின் ஹெட்லைட் கண்ணில் அடிக்கும்போது, பின்னால் வரும் வேன் டிரைவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். நகரத்தில் சைக்கிள் லைட்டின் முதல் வேலை, அடுத்தவர் கண்ணில் நம்மைப் படவைப்பதுதான்.

படி 1: முதலில் பின் விளக்கு

இப்போதைக்கு ஒரு லைட்தான் வாங்க முடியும் என்றால் பின்னால் மாட்டும் சிவப்பு விளக்கையே வாங்குங்கள். எதிரே வருவதைப் பார்த்து ஒதுங்கிவிடலாம், முதுகுக்குப் பின்னால் வருவதை என்ன செய்வது? இதற்குப் பெரிய வெளிச்சம் வேண்டாம், 20 முதல் 50 லூமன் (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) போதும். கடையில் எரியவிட்டு, பக்கவாட்டில் நின்று பாருங்கள். அங்கிருந்தும் வெளிச்சம் தெரிந்தால்தான் தெருமுனையில் குறுக்கே வருகிறவருக்கும் தெரியும்.

சீட்டுக்குக் கீழே மாட்டுவதுதான் வழக்கம். கேரியரில் பை வைக்கிறவர்கள் கேரியரின் பின்முனையில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் பை மறைத்துவிடும். மட்கார்டில் ரிஃப்ளெக்டர் இருந்தால் அதைக் கழற்ற வேண்டாம். பேட்டரி தீர்ந்த அன்றைக்கு அதுதான் துணை.

படி 2: உங்கள் பாதை எப்படிப்பட்டது?

முழுக்க விளக்குள்ள பெரிய சாலை என்றால் முன் விளக்கு 100 முதல் 200 லூமன் இருந்தால் தாராளம். நடுவே இருட்டான உள்தெரு, பெயின்ட் அழிந்த வேகத்தடை, மழை பெய்தால் தண்ணீரில் மூழ்கும் பள்ளம் என்று வந்தால் 300 முதல் 400 வரை பாருங்கள். அதற்கு மேல் நகரத்துக்குத் தேவையில்லை என்பேன்.

படி 3: பெட்டியில் போட்டிருப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

விலை குறைந்த பல லைட்டுகளில் ‘1000 லூமன், 5 மணி நேரம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். நம்புவதற்கு முன் பேட்டரியின் அளவைத் தேடுங்கள். உதாரணத்துக்கு 1200 எம்ஏஎச், அதாவது 1.2 ஆம்பியர் ஹவர் என்று வைத்துக்கொள்வோம். லித்தியம் பேட்டரி 3.7 வோல்ட். 1.2-ஐ 3.7-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 4.4 வாட் ஹவர், அதாவது 1 வாட் விளக்கை 4.4 மணி நேரம் எரியவிடும் அளவு. ஒரு வாட் மின்சாரத்தில் எல்இடி விளக்கு சுமாராக 100 லூமன் தரும். அப்படியென்றால் 1000 லூமனுக்கு 10 வாட் வேண்டும். 4.4-ஐ 10-ஆல் வகுத்தால் அரை மணி நேரம்கூட வராது! ஐந்து மணி நேரம் எங்கிருந்து வரும்? அதே பேட்டரியில் 300 லூமன் விளக்கு ஒன்றரை மணி நேரம்போல எரியும். இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிற பெட்டியை வாங்குங்கள். பேட்டரி அளவே போடவில்லை என்றால் விட்டுவிடலாம்.

படி 4: வெளிச்சம் எங்கே விழுகிறது?

டார்ச் மாதிரி வட்டமாக அடிக்கும் லைட்டில் பாதி வெளிச்சம் ரோட்டுக்கு வராமல் எதிரே வருகிறவர் கண்ணுக்குப் போய்விடும். கண் கூசினால் அவர் உங்கள் பக்கமே வண்டியை ஒடித்துவிடக்கூடும். மேல்பக்கம் வெட்டினாற்போல் நின்றுவிடும் வெளிச்சமுள்ள லைட் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குங்கள். ஜெர்மனியின் சைக்கிள் விளக்கு விதிக்கு ஏற்பச் செய்தவை இப்படித்தான் இருக்கும்.

கிடைக்கவில்லையா, சாதாரண லைட்டையே சரியாகச் சாய்த்து மாட்டலாம். சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி சைக்கிளை நிறுத்துங்கள். தரையிலிருந்து லைட் இருக்கும் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். வெளிச்சத்தின் நடுப்பகுதி சுவரில் அதில் பாதி உயரத்தில் விழ வேண்டும். லைட் 1 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுவரில் அரை மீட்டர். அப்படி வைத்தால் ரோட்டில் 10 மீட்டர் முன்னால் வெளிச்சம் விழும். முன்னால் கூடை உள்ள சைக்கிளில் லைட்டைக் கூடையின் முன்பக்கத்தில் மாட்டிவிட்டு இதைச் செய்யுங்கள்.

படி 5: மழை, சார்ஜ், மின்னும் மோடு

பெட்டியில் ஐபிஎக்ஸ்4 என்றாவது இருக்க வேண்டும். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்று அர்த்தம். சார்ஜ் ஏற்றும் துளையின் ரப்பர் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். தொளதொளவென்று இருந்தால் முதல் மழையிலேயே தண்ணீர் உள்ளே போய்விடும். டைப்-சி சார்ஜிங் நல்லது, போன் சார்ஜரே போதும். சார்ஜ் குறைவதைக் காட்டும் சின்ன விளக்கு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

டைனமோ வைத்திருக்கிறவர்கள் அதைக் கழற்ற வேண்டாம். சார்ஜ் பற்றிய கவலையே இல்லாத விளக்கு அது. ஆனால் சாதாரண டைனமோ, சிக்னலில் நின்றதும் அணைந்துவிடும். அதனால் பின்னால் மட்டும் ஒரு பேட்டரி விளக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மின்னும் மோடு. பகலில் அது கவனத்தை ஈர்க்கும், வைத்துக்கொள்ளலாம். இரவில் விட்டுவிட்டு எரிகிற விளக்கை வைத்துத் தூரத்தைக் கணிப்பது கஷ்டம். அதனால் இருட்டியதும் முன், பின் விளக்கு இரண்டையும் நிலையாக எரியவிடுங்கள். ஸ்டேஷன் ஸ்டாண்டில் சைக்கிளை விடும்போது லைட்டுகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டியதும் முன் விளக்கின் சாய்வை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.