பெயின்ட்பால் மார்க்கர்: மாஸ்க் போட்டுக்கொண்டு அளவெடுங்கள்

பெயின்ட்பால் பழக ஆரம்பித்தவர்கள் முதலில் கேட்பது "எந்த மார்க்கர் வாங்கலாம்?" என்பதைத்தான். மார்க்கர் என்றால் பெயின்ட் பந்தைச் சுடும் துப்பாக்கி. இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். மைதானத்தில் வாடகைக்குக் கிடைப்பதை எடுத்து, அது உங்கள் கைக்கும் தோளுக்கும் எப்படி உட்காருகிறது என்று பாருங்கள். குறி தவறுவதற்கும் பாதி ஆட்டத்திலேயே கழுத்து வலிப்பதற்கும் மார்க்கரின் விலை காரணமில்லை, நீளம்தான் காரணம்.

மாஸ்க், பேரல் (பந்து வெளியே வரும் குழல்) உறை, சேஃப்டி பற்றியெல்லாம் மைதானத்திலேயே மிரட்டாத குறையாகச் சொல்லித் தருவார்கள். அதனால் நேராகப் பொருத்துவதற்குப் போகிறேன்.

1. டேங்க்தான் உங்கள் ஸ்டாக்

வழக்கமான மார்க்கரில் காற்று டேங்க் கைப்பிடிக்குக் கீழே திருகப்பட்டு, பின்பக்கமாக நீண்டிருக்கும். ரைஃபிளில் தோளில் ஊன்றும் பின்பகுதியான ஸ்டாக்கைப் போல, இதில் டேங்கின் அடிப்பாகம்தான் தோளில் முட்டுக்கொடுக்கிறது. ஆகவே டேங்க் நீளமாக இருந்தால் மார்க்கரும் நீளம்.

வாடகைக்குப் பெரும்பாலும் 48/3000 அலுமினிய டேங்க் தருவார்கள். 48 என்பது கன அங்குலத்தில் கொள்ளளவு, 3000 என்பது பிஎஸ்ஐ அழுத்தம். சொந்தமாக வாங்குகிறவர்கள் 68/4500 கார்பன் ஃபைபருக்குப் போவார்கள். காற்று அதிகம் பிடிக்கும், ஆனால் உருவமும் பெரிது. குள்ளமானவர்களும் கை நீளம் குறைந்தவர்களும் கடையிலேயே மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கார்பன் டை ஆக்சைடு டேங்க் எனக்குப் பிடிக்காது. குளிரில் அழுத்தம் குறையும், வேகமாகச் சுட்டால் இன்னும் குறையும், பந்து ஒன்று மேலே போகும், ஒன்று கீழே விழும். அழுத்தக் காற்றே போதும்.

2. நீளம் சரிபார்ப்பது (இங்கே அவசரப்படாதீர்கள்)

என்னை அதிகம் இழுத்தடித்த இடம் இதுதான். வீட்டில் மார்க்கரைத் தூக்கிப் பார்த்தால் எல்லாம் கச்சிதமாக இருக்கும். மைதானத்தில் மாஸ்க் போட்டதும் அதே மார்க்கர் அந்நியமாகிவிடும். மாஸ்க்கின் தாடைப் பகுதி முன்னால் துருத்திக்கொண்டிருப்பதால் அதன் கீழ் விளிம்பு மார்க்கரின் பின்பக்கத்தில் இடிக்கும். பேரலுக்கு நேராகக் கண் வர வேண்டுமென்று தலையைச் சாய்ப்போம். சாய்த்ததும் மாஸ்க் ஒரு பக்கமாக நகர்ந்து, கண்ணாடியின் ஓரம்தான் பார்வைக்குக் கிடைக்கும். என்சிசியில் .22 ரைஃபிள் பிடித்தவர்களுக்கு இது கூடுதல் தொல்லை. கன்னத்தை ஸ்டாக்கில் பதித்தே பழகியிருப்பார்கள். இங்கே கன்னத்துக்கு வேலையே இல்லை.

1981இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் காட்டில் முதல் ஆட்டம் ஆடிய 12 பேருக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர்கள் கையில் இருந்தது நெல்ஸ்பாட் 007, மரங்களிலும் மாடுகளிலும் அடையாளம் வைப்பதற்குப் பயன்பட்ட கைத்துப்பாக்கி. பின்னால் டேங்கும் கிடையாது, மேலே ஹாப்பரும் (பந்துகளை நிரப்பும் டப்பா) கிடையாது.

சரி, சோதனை இதுதான். மாஸ்க்கை மாட்டி வாரை இறுக்குங்கள். மார்க்கரில் பேரல் உறை இருக்கட்டும், ஹாப்பர் காலியாக இருக்கட்டும். நிமிர்ந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு, மார்க்கரைச் சுடும் நிலைக்குத் தூக்குங்கள். இப்போது கண்ணைத் திறங்கள். பேரல் கண்ணுக்கு நேராக, சற்றுக் கீழே தெரிந்தால் சரி. தலையை முன்னால் நீட்டியோ சாய்த்தோதான் அதைப் பிடிக்க முடிகிறது என்றால் பொருத்தம் சரியில்லை.

முதலில் டேங்கின் அடியைத் தோளின் வெளிப்பக்கத்தில் வைக்காமல், காரை எலும்புக்குக் கீழே, நெஞ்சுப் பக்கமாக நகர்த்திப் பாருங்கள். பலருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். அப்போதும் நீளமாக இருந்தால் சிறிய டேங்க், அல்லது டேங்கைச் சற்று முன்னுக்கும் கீழுக்கும் தள்ளும் டிராப் ஃபார்வர்டு. ட்ரிகர் பிடித்த கையின் முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கினால் நீளம் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

டேங்கை இடுப்பில் மாட்டி, சுருள் குழாய் வழியாகக் காற்று கொண்டுவரும் ரெமோட் லைனும் உண்டு. கை பாரம் குறையும். எனக்கு ஒத்துவரவில்லை. கை மாற்றும்போதெல்லாம் குழாய் குறுக்கே வருகிறது.

3. மற்ற பாகங்கள்

பேரல் 12 முதல் 14 அங்குலம் போதும். அதைவிட நீளமாக இருந்தால் பந்து அதிக தூரம் போகும் என்பது வெறும் பேச்சு. பந்தின் வேகத்தை மைதானத்தில் குரோனோகிராஃப் வைத்து வினாடிக்கு 280, 300 அடிக்குள் கட்டுப்படுத்திவிடுகிறார்கள். நீளமான பேரல் பங்கரில் (மறைந்து நிற்கும் தடுப்பு) இடிப்பதுதான் மிச்சம். ஹாப்பர் சிறியதாக, நடுவில் உட்காரும்படி இருக்கட்டும். பெரும்பாலான மைதானங்களில் ஹாப்பரில் பட்டாலும் அவுட்தான்.

சொந்தமாக வாங்கியே தீருவேன் என்பவர்களுக்கு என் தேர்வு பிளானெட் எக்லிப்ஸ் எமெக். பேட்டரி வேண்டாம், உதைப்பு மென்மையானது, அழுத்தக் காற்றில் மட்டும் ஓடும். வாடகைக்கு வரும் டிப்மேன் 98 அடி உதைக்குத் தாங்கும், ஆனால் கனம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், மார்க்கர் வைத்திருக்க அனுமதி வேண்டுமா என்று விசாரித்துவிட்டுப் பணத்தைக் கட்டுங்கள்.

4. நிற்பது

ரைஃபிள் சுடுவதுபோல் பக்கவாட்டில் திரும்பி நிற்க வேண்டாம். சமாளிக்கிற அளவுக்குப் பின்னுதை இதில் கிடையாது. எதிரியை நேராகப் பார்த்து, கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலை மடக்கி, எடையை முன்பாதத்தில் வையுங்கள். எந்தப் பக்கமும் ஓட முடியும். இரண்டு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். வெளியே நீட்டினால் முதல் பந்து அங்கேதான் விழும்.

பங்கருக்கு மேலே எட்டிப் பார்க்காதீர்கள், பக்கவாட்டில் சாயுங்கள். மார்க்கரை ஒட்டுமொத்தமாகப் படுக்கவைக்கவும் கூடாது. சாதாரண ஹாப்பரில் பந்து தன் எடையால்தான் கீழே இறங்குகிறது, சாய்த்தால் நின்றுவிடும். இடது பக்கம் எட்டும்போது மார்க்கரை இடது கைக்கு மாற்றுங்கள். ஆரம்பத்தில் கோமாளித்தனமாகத்தான் இருக்கும். ஆனால் வலது கையிலேயே வைத்திருந்தால் சுடுவதற்குப் பாதி உடம்பு வெளியே வர வேண்டும். வீட்டில் காலி மார்க்கரை வைத்துக் கதவு நிலையில் பழகலாம்.

பின்சேர்க்கை: கருத்துப் பெட்டியில் இரண்டு பேர், எல்லாம் சரியாக வைத்தும் பந்து ஒரே பக்கம் போகிறது என்று எழுதியிருந்தார்கள். வலது கைக்காரர்களுக்கு இடது கண் வலுவாக இருந்தால் இப்படி ஆகும். தூரத்தில் ஒரு கம்பத்தை இரண்டு கண்ணையும் திறந்து விரலால் சுட்டுங்கள், பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது விரல் கம்பத்திலேயே நிற்கிறதோ அதுதான் வலுவான கண். அது இடது என்றால் டேங்கை நெஞ்சின் நடுவுக்கு இன்னும் கொஞ்சம் கொண்டுவாருங்கள், அல்லது இடது தோளுக்கே மாறிவிடுங்கள். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் இரட்டை அடுக்குத் தெர்மல் லென்ஸ் உள்ள மாஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள், சீக்கிரம் ஆவி படியாது. அப்படியும் படிந்தால் களத்தில் மாஸ்க்கைக் கழற்றாதீர்கள். ரெஃப்ரியைக் கூப்பிட்டு வெளியே வந்து, சுடக்கூடாத பகுதிக்குள் போய்த் துடையுங்கள்.