மீமுரே மலைப்பாதையில் ஜீப் ஓட்டப் போகிறவர்களுக்கு

ஹுன்னஸ்கிரியவில் பிரதான வீதியை விட்டுத் திரும்பி, லூல்வத்த ஊடாக ஏறி, கோர்பெட்ஸ் கேப் என்ற கணவாயைக் கடந்து மீமுரே கிராமத்துக்கு இறங்கும் பாதை, இலங்கையின் நக்கிள்ஸ் மலைத்தொடரில் ஜீப் ஓட்டிப் பழக விரும்புவோருக்கு ஏற்றதுதான். ஆனால் அதை உறவினரின் வாகனத்தில், உறவினரையும் ஏற்றிக்கொண்டு பழக வேண்டாம்.

வாடகை ஜீப் பேசியிருப்பதாகக் கண்டியிலுள்ள மாமியிடம் நான் சொன்னதும், "மாமான்ர ஜீப் முத்தத்தில நிக்க, நீ ஏன் தம்பி பிறத்தியாற்ற வாகனத்தில போறாய்?" என்று கேட்டார். மாமாவின் செத்தவீட்டுக்கு நான் வரவில்லை. விமானச் சீட்டின் விலையைக் காரணமாகச் சொல்லியிருந்தேன். அது முழு உண்மையன்று. ஆகவே அந்த ஜீப்பை மறுக்க முடியவில்லை. மாமியும் மச்சாளும் பிள்ளைகள் நால்வரும் ஏறி அமர்ந்தபோது, இத்தனை பேர் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

வழியில் பொலிசார் மறித்தபோதுதான், வாகனம் இன்னும் மாமாவின் பெயரிலேயே பதிவாகியிருப்பதும், வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் காலாவதியாகிவிட்டதும் தெரியவந்தன. உரிமையாளர் எங்கே என்று அதிகாரி கேட்க, மாமி அழத் தொடங்கினார். வீதியோரத்தில் மூன்று மணி நேரம் கழிந்தது. தண்டச் சீட்டுடன் விட்டபோது வீடு திரும்பியிருக்க வேண்டும். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, மூடுபனி இறங்குமுன் போய்விடலாம் என்று அவசரப்பட்டேன்.

கோர்பெட்ஸ் கேப்புக்கு அப்பாலுள்ள இறக்கத்தில், ஏழு பேரின் பாரத்துடன் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினேன். சில வளைவுகளில் எரிந்த வாடை வந்தது. அடுத்த வளைவில் மிதித்த பெடல் தடையின்றி உள்ளே போனது. மலைப்பக்க மண்திட்டில் உரசி நிறுத்தினேன். பின்னால் ஒருவரும் பேசவில்லை.

பிரேக் குளிரும்வரை காத்திருந்தபோது, அவ்வழியே வந்த ஊர்க்காரர் ஒருவர்தான் சரியான முறையைக் காட்டினார். இறக்கம் தொடங்குமுன்பே நிறுத்தி, 'ஃபோர் லோ'வுக்கு (நான்கு சக்கரங்களும் குறைந்த வேகத்தில் கூடிய விசையுடன் இயங்கும் நிலைக்கு) மாற்றி, முதலாம் கியரில் இறங்க வேண்டும். என்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் துணைக்கு மட்டுமே. ஏற்றத்தில் என்ஜின் நின்றுவிட்டால் வாகனத்தைத் திருப்ப முயலாமல், ரிவர்ஸ் கியரில் நேராகப் பின்வாங்குங்கள்; சரிவில் குறுக்காக நிற்கும் ஜீப் உருளக்கூடும். பெரிய கல்லைச் சக்கரங்களுக்கு நடுவே விட்டால் அடிப்பாகம் அடிபடும் என்பதால், டயரை மெதுவாக அதன்மேல் ஏற்றுங்கள். சக்கரம் கல்லில் மோதினால் சுக்கான் திடீரெனச் சுழலக்கூடும் என்பதால், பெருவிரல்களை அதன் வளையத்துக்கு வெளியே வையுங்கள். டயரில் 32 இறாத்தல் காற்று இருந்தால் 25 அளவுக்குக் குறைப்பது கற்பாதையில் பிடிப்பைக் கூட்டும்; தார்வீதியில் மீண்டும் நிரப்பச் சிறிய பம்ப் தேவை.

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் இப்பாதையைத் தவிருங்கள். வெளிநாட்டில் பெற்ற சர்வதேசச் சாரதி அனுமதி மட்டும் இலங்கையில் போதாது. உள்ளூர் அங்கீகாரமும் பெற வேண்டும். 2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட காடு இது; தடத்தை விட்டுப் புல்வெளியில் ஏற்றாதீர்கள்.

உறவினரின் வாகனத்தை மறுக்க முடியாத நிலை உங்களுக்கும் வரலாம். அப்படியானால் சாவியை வாங்குமுன் பதிவு யார் பெயரில் உள்ளது என்று கேளுங்கள். நான் திரும்புவதற்கு முன், அந்த ஜீப்பை மச்சாளின் பெயருக்கு மாற்றும் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தேன். அதனுடன் இணைக்க மாமாவின் மரணச் சான்றிதழை மாமி எடுத்துவந்தார். அவர் இறந்த திகதியை அன்றுதான் முதன்முதலாக என் கையால் எழுதினேன்.