தீ கண்ணுக்குத் தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் வெயில் 46 டிகிரியைத் தாண்டியது. அன்று விக்டோரியா மாநிலத்தில் மூண்ட காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். 2,000க்கும் மேற்பட்ட வீடுகள் போயின. இறந்தவர்களில் பெரும்பாலோர் வீடுகளுக்குள் இருந்தவர்கள் என்று பின்னர் அமைக்கப்பட்ட ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணை ஆணையம் கண்டறிந்தது. வீட்டைக் காக்கத் தயாராக இருந்தால் தங்குங்கள், இல்லாவிட்டால் முன்கூட்டியே கிளம்பிவிடுங்கள் என்பதுதான் அன்றைய அரசு அறிவுரை. பலர் இரண்டையும் செய்யவில்லை. புகை நெருங்கட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள். காட்டுத்தீக் காலத்தில் உயிரைக் குடிக்கும் முதல் தவறு இதுதான்.

கலிஃபோர்னியாவின் பாரடைஸ் நகரத்துக்கு அப்படிக் காத்திருக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. 2018 நவம்பர் 8 அன்று, மின்கோபுரம் ஒன்றில் தேய்ந்துபோயிருந்த கொக்கி அறுந்ததில் காலை ஆறரை மணிவாக்கில் தீப்பற்றியது. எட்டு மணிக்கெல்லாம் ஊருக்குள் கங்குகள் விழுந்தன. பகுதி பகுதியாக மக்களை வெளியேற்றும் திட்டம் அந்த ஊரிடம் இருந்தது. ஆனால் தீ பல இடங்களில் ஒரே நேரத்தில் பிடித்ததால் எல்லாரும் ஒன்றாகச் சாலைக்கு வந்தார்கள். மலையிலிருந்து இறங்கும் வழிகளோ ஒரு சில. 85 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் முதியவர்கள். கடைசி நேரத்தில் கிளம்புவது இவ்வளவு ஆபத்து என்பதால்தான் ஆஸ்திரேலியாவில் தீ அபாய மதிப்பீடு உச்ச நிலைக்குப் போகும் நாட்களில், தீ மூளும் முன்பே முந்தின இரவிலோ அதிகாலையிலோ கிளம்பிவிடச் சொல்கிறார்கள். தீயே இல்லாத நாளில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போவது அசட்டுத்தனமாகத் தோன்றும். தோன்றட்டும்.

நம் தெருவுக்கும் காட்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது என்ற நம்பிக்கை அடுத்த தவறு. பல வீடுகளை எரிப்பது காற்றில் பறந்து வரும் கங்குகள். கூரை விளிம்பில் மழைநீர் வடியும் தகர வாய்க்காலில் ஒரு பிடி காய்ந்த சருகு கிடந்தால் போதும். கங்கு அதில் விழுந்து புகைந்து, ஓட்டின் அடியில் நுழைந்து மரச்சட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். தீயணைப்பு வண்டி தெருவைக் கடந்து போன பிறகும்கூட இது நடக்கும். வாய்க்காலைச் சுத்தம் செய்வது, பரணின் காற்றுத்துளைகளுக்கு நெருக்கமான உலோக வலை அடிப்பது, சுவரோரத்து விறகையும் கால்மிதியையும் அப்புறப்படுத்துவது எல்லாம் கோடை தொடங்கும் முன்பே முடிய வேண்டிய வேலைகள்.

காற்றையும் நம்பக்கூடாது. 2009இல் விக்டோரியாவில் வடக்கிலிருந்து வீசிய அனல்காற்று, தீ மூண்ட அன்றே மாலையில் தென்மேற்காகத் திரும்பியது. அதுவரை தீயின் நீண்ட பக்கவாட்டாக இருந்தது அப்படியே முகப்பாகி நகர்ந்தது. மேரிஸ்வில் என்ற சிற்றூர் அப்படித்தான் அழிந்தது.

எல்லாம் கைமீறி வீட்டுக்குள் அகப்பட்டுக்கொண்டால் குளியலறையில் ஒடுங்காதீர்கள். தண்ணீர் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் வெளியேற வேறு கதவு இருக்காது, வெளியே நடப்பதும் தெரியாது. உடம்பில் நைலான், பாலியஸ்டர் வேண்டாம். அவை உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியோ கம்பளியோ போதும்.

தீ அணைந்த பிறகு நடக்கும் தவறுகளைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பாரடைஸில் குடிநீர்க் குழாய்களில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்தது. கிருமியைக் கொல்லத் தண்ணீரைக் காய்ச்சிப் பழகிய கை உடனே அடுப்பை மூட்டும். ஆனால் காய்ச்சினால் பென்சீன் ஆவியாகி அடுப்படிக் காற்றில் கலந்து மூக்குக்கு வரும். பரிசோதனை முடிவு வரும்வரை வெளியிலிருந்து வரும் தண்ணீர்தான். சாம்பலைத் துடைப்பத்தால் பெருக்குவதும் ஆகாது; கல்நாரும் ஈயமும் அதில் இருக்கலாம்.

வீடு முழுவதும் எரிந்தவர்கள் திரும்பிக் கட்டுவது அதைவிடக் கடினம். 2010 கணக்கெடுப்பில் 26,000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்த பாரடைஸில் 2020இல் 5,000 பேர்கூட இல்லை. பழைய மதிப்பிலேயே காப்பீட்டைப் புதுப்பித்துவருகிறவர்கள் இன்றைய கட்டுமானச் செலவைக் கேட்டுத் தொகையைத் திருத்திக்கொள்வது நல்லது.

உதவ நினைக்கிறவர்கள் பழந்துணி மூட்டை அனுப்பாதீர்கள். 2009இல் விக்டோரியாவில் வந்து குவிந்த பொருட்களைப் பிரிக்கவும் வைக்கவும் தனியாக ஆளும் கிடங்கும் தேட வேண்டியதாயிற்று. பணமாகக் கொடுத்தால், பள்ளிச் சீருடையா மூக்குக்கண்ணாடியா என்பதை இழந்தவரே முடிவு செய்துகொள்வார்.