செட்டிநாட்டு வீட்டில் புமி நாய்: வேலை, முடி, வெயில்

புமி ஹங்கேரி நாட்டு மேய்ப்பு நாய். காரைக்குடிப் பக்கம் அதை வளர்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "இந்த வெயில் தாங்குமா?" என்றுதான். தாங்கும், அதற்கான வழி கீழே வருகிறது. இந்த நாய்க்குத் தாங்காதது சும்மா கிடப்பதுதான். பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டுக்குக் காவலாக ஒரு நாய், அதற்குச் சோறு வைக்க ஒரு வாட்ச்மேன் என்ற கணக்கில் இதை வாங்க வேண்டாம். அந்த வேலைக்கு ஒரு நல்ல நாட்டு நாய் போதும். பேச்சுத் துணையும் வேலையும் இல்லாத புமி காற்றுக்கும் அணிலுக்கும் குரைக்கும், தன் காலையே நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும், கதவுச் சட்டத்தைக் குதறும். பர்மா தேக்காயிற்றே என்றெல்லாம் பார்க்காது.

எதற்காக உருவான நாய்

ஹங்கேரியில் மந்தையோடு இருக்கும் நாய்கள் இரண்டு வகை. கொமொண்டோர், குவாஸ் என்ற பெரிய வெள்ளை நாய்கள் காவலுக்கு: ஓநாயும் திருடனும் அண்டாமல் பார்த்துக்கொள்ளும். 'புலி', 'புமி', 'மூடி' என்ற சிறிய நாய்கள் மந்தையை ஓட்டவும் திருப்பவும். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஊர் ஊராக ஆடு மேய்க்கும் கீதாரிகளின் கிடையோடு ஒப்பிட்டால் இந்த வேறுபாடு சட்டென்று பிடிபடும். நம் கிடை நாய் இராத்திரிக் காவல்காரன். பகலில் ஆட்டை மடக்குவது கீதாரியின் கம்பும் சீழ்க்கையும்தான். புமி செய்வது அந்தப் பகல் வேலையை.

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மனி, பிரான்ஸ் பக்கமிருந்து வந்த மேய்ப்பு நாய்களும் எலி பிடிக்கும் டெரியர் வகை நாய்களும் ஹங்கேரியின் சடைமுடி நாயான 'புலி'யோடு கலந்ததில் புமி பிறந்தது. மெரினோ ஆடுகள் அந்நாட்டுக்கு வந்ததும் இந்தக் கலப்புக்கு ஒரு காரணம். நெடுங்காலம் இரண்டையும் ஒன்றாகவே பார்த்தார்கள். 1920களின் தொடக்கத்தில் கால்நடை மருத்துவப் பேராசிரியர் எமில் ரைட்ஸிட்ஸ் தனித்தனி இனங்களாகப் பிரித்தார். பன்னாட்டு நாய்ச் சங்கக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ. 1966இல் ஏற்றது. அமெரிக்கன் கென்னல் கிளப் 2016இல்தான் ஏற்றது. டெரியர் ரத்தத்தின் அடையாளம் இன்றும் தெரியும்: எலியைக் கண்டால் விடாது, எடுத்த முடிவைச் சட்டென்று மாற்றாது.

ஆண் நாய் 41–47 செ.மீ. உயரம், 10–15 கிலோ எடை. பெண் 38–44 செ.மீ., 8–13 கிலோ. நிமிர்ந்த காதில் நுனி மட்டும் மடங்கியிருக்கும், வால் முதுகின்மேல் வளையும். சாம்பல் நிறக் குட்டி பிறக்கும்போது கறுப்பாக இருந்து பிறகு வெளுக்கும். அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

வாங்குவதற்கு முன்

குட்டியின் தாய், தகப்பனுக்கு நான்கு சோதனைகள் நடந்திருக்க வேண்டும்: இடுப்பு மூட்டு எக்ஸ்ரே, முழங்கால் சில்லு நழுவுகிறதா என்ற பரிசோதனை, கண்வில்லை நழுவும் நோய்க்கும் முதுகுத்தண்டு நரம்புத் தேய்வுக்கும் மரபணுச் சோதனை. பின்னிரண்டிலும் பெற்றோர் இருவரிடமும் அந்த நோய் மரபணு இருந்தால்தான் குட்டிக்கு இரட்டைப் பங்கு வந்து ஆபத்தாகும். ஆகவே ஒரு பக்கத்து அறிக்கையை மட்டும் காட்டினால் இன்னொன்றையும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பும்போது கூட்டிவருபவர்கள் மைக்ரோசிப், ரேபிஸ் தடுப்பூசிப் பதிவு, சென்னையிலுள்ள விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் தடையில்லாச் சான்று எல்லாவற்றையும் டிக்கெட் போடுவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் நின்று கெஞ்சி ஆகப்போவதில்லை.

முடி: சீப்பு மட்டும், பிரஷ் வேண்டாம்

புமியின் முடி பாதி முரடு, பாதி மென்மை. இரண்டும் பின்னிக்கொண்டு 4–7 செ.மீ. நீளத்தில் சுருள் சுருளாக நிற்கும். தினமும் பிரஷ் போட்டால் சுருள் பிரிந்து பஞ்சாகும். பஞ்சான முடியில் நாயுருவியும் நெருஞ்சியும் ஒட்டிக்கொண்டால் எடுத்து மாளாது. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை அகலப் பல் உள்ள இரும்புச் சீப்பால் சீவினால் போதும்.

காய்ந்த முடியில் தொடங்குங்கள். பின்னங்காலின் கீழிருந்து மேலே, ஒரு கையால் முடியை மேலே தூக்கிப் பிடித்து, தோல் கோடாகத் தெரியும்படி வகிடு எடுத்து, தோலிலிருந்து வெளிப்பக்கமாகச் சீவ வேண்டும். மேலாகச் சீவினால் பார்க்க அழகாக இருக்கும், அடியில் சிக்கு கம்பளமாக இறுகும். சிக்கு விழும் இடங்கள் தெரிந்தவைதான்: காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப்பட்டை உரசும் இடம். சிக்கை நனைக்காதீர்கள், ஈரம் பட்டால் இன்னும் இறுகும். சிட்டிகை சோளமாவு தூவி, விரலால் நீளவாக்கில் இரண்டாக, நான்காகப் பிரித்து, பிறகு சீப்பின் நுனியால் எடுங்கள்.

சீவி முடித்ததும் நாய் பஞ்சுப்பொதியாக நிற்கும். அப்போது முழுக்க நனைத்து, உதற விட்டு, முற்றத்து நிழலில் தானாகக் காய விடுங்கள். சுருள் திரும்பி வந்துவிடும். ஹேர் டிரையர் போட்டால் சுருள் வராது.

குளியல் அழுக்கானால் மட்டும். அடிக்கடி ஷாம்பு போட்டால் முரட்டு முடி மென்மையாகி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். நாய்களுக்கான ஷாம்புவை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அடிவரை இறங்கும், அலசுவதும் எளிது. சீயக்காய் கண்ணில் எரியும், அதன் தூள் சுருளுக்குள் தங்கி அரிப்பைக் கிளப்பும். தேங்காய் எண்ணெய், வேப்பெண்ணெய் இரண்டும் புழுதியோடு சேர்ந்து களிம்பாகிவிடும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் கடைசி ஒரு வாளி மட்டும் குடிதண்ணீராக ஊற்றுங்கள். உப்பு தங்கிய தோல்தான் பல நாய்களுக்கு ஓயாத சொறியாக மாறுகிறது.

கத்தரி இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பங்குனி பிறந்ததும் உடம்பு முடியை 3 செ.மீ. அளவுக்குக் குறைக்கலாம். மொட்டை மட்டும் வேண்டாம். சுருள்தான் தோலை வெயிலிலிருந்து காக்கிறது, மழித்தபின் வளரும் முடி பழைய முரட்டுத்தனத்தோடு வருவதற்கு நெடுநாள் ஆகும். வயிற்றுப் பக்கத்தை மட்டும் 1 செ.மீ. ஆக ஒட்ட வெட்டுங்கள். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் நாய் நான்கு காலையும் பரப்பிக் குப்புறப் படுக்கும்போது தோலும் குளிர்ந்த தரையும் நெருங்கும். இந்தச் சின்ன வெட்டுக்கு ஏ.சி. அளவுக்கு மதிப்பு உண்டு.

காதுத் துளைக்குள் முடி அடைத்திருந்தால் வாரம் ஒருமுறை விரலால் இரண்டு, மூன்று இழையாகப் பிடுங்குங்கள். ஒரே நாளில் முழுதையும் பிடுங்கினால் உள்ளே புண்ணாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வந்தால் அக்குளையும் தொடை இடுக்கையும் துண்டால் ஒற்றி எடுத்து மின்விசிறிக்கு அடியில் விடுங்கள். அங்கே ஈரம் தங்கினால் ஒரே இரவில் உள்ளங்கை அகலத்துக்குச் சீழ்ப்புண் வரக்கூடும்.

வெயில்

சித்திரை, வைகாசியில் காலை நடை 7 மணிக்குள் முடிய வேண்டும், மாலை நடை பொழுது சாய்ந்தபின். செம்மண் தரை ஆறினாலும் தார்ச்சாலை ஆறாது. புறங்கையை ஏழு விநாடி சாலையில் வைக்க முடியாவிட்டால் நாயை இறக்காதீர்கள்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நாக்கு செங்கல் நிறமாகி, எச்சில் கெட்டியாகி, நடை தள்ளாடினால் வெப்பத்தாக்கு. சுருள் முடியில் மேலே ஊற்றும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், தோலுக்கு இறங்காது. முடியை வகிடு பிரித்து வயிறு, அக்குள், தொடை இடுக்கில் சாதாரணத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மின்விசிறியை முழு வேகத்தில் வையுங்கள். ஈரத்துண்டால் போர்த்துவது தவறு, சற்று நேரத்தில் அதுவே சூட்டை அடைத்து வைக்கும். உடல் வெப்பம் 39.5க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கிளம்புங்கள். நாய் தெளிந்துவிட்டதுபோல் இருந்தாலும் போக வேண்டும், சிறுநீரகப் பாதிப்பு பிறகுதான் வெளியே தெரியும்.

குரைப்பும் குதிகால் கடியும்

புமி குரைத்து வேலை செய்யப் பிறந்தது. வாயை அடைக்க முடியாது, அளவு வைக்கலாம். இரண்டு, மூன்று குரைப்பை விடுங்கள். பிறகு பக்கத்தில் போய், அவித்த கோழி ஈரலில் கடலைப்பருப்பு அளவுத் துணுக்கை மூக்கருகே நீட்டுங்கள். மோந்து பார்க்கும் நாய் குரைக்க முடியாது. அந்த அமைதியில் "போதும்" என்று சொல்லி, துணுக்கைக் கொடுத்துவிடுங்கள். சில நாட்கள் கழித்து ஒரு விநாடி அமைதிக்கு, பிறகு மூன்று, பத்து என்று நீட்டுங்கள். எட்ட நின்று அதட்டினால் வீட்டுக்காரரும் சேர்ந்து குரைக்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கூட்டும்.

விசேஷத்துக்குக் கூடும் பிள்ளைகள் வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றி ஓடும்போது குதிகாலைக் கவ்வும். இது வெறியல்ல, மந்தை ஓட்டும் புத்தி. பிள்ளைகளை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள், நாயைக் கயிற்றில் எடுத்து இரண்டாங்கட்டுக்குக் கூட்டிப் போய் வேறு வேலை கொடுங்கள். சிரித்துக்கொண்டு விட்டால் பழகிவிடும். பந்தி நடக்கும் வீட்டில் முதல்நாளே அதற்கென ஓர் அறை ஒதுக்குவது நல்லது. அறிமுகமில்லாதவர்களிடம் இது சட்டென்று ஒட்டாது.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாத ஓட்டமும், தலைக்கு வேலையும் வேண்டும். வெளியே போக முடியாத மதியத்தில் செட்டிநாட்டு வீடு ஒரு வரம். முகப்பிலிருந்து அடுப்படி வரை ஐந்து இடங்களில் ஈரல் துண்டை ஒளித்துவிட்டுத் தேட விடுங்கள். பதினைந்து நிமிடத் தேடலில் அசந்து தூங்கிவிடும்.

தோப்பும் ஆடும் வைத்திருப்பவர்கள் பத்து மாதத்துக்குப் பிறகு மந்தை வேலை பழக்கலாம். வெள்ளாட்டில் தொடங்க வேண்டாம். அது சிதறி ஓடும், அல்லது திரும்பி நின்று முட்டும். ராமநாதபுரம் வெள்ளை போன்ற செம்மறி கூட்டமாக நகரும். குட்டி போட்ட தாயாடு இல்லாமல் அமைதியான நாலைந்து ஆடு, சுற்றிலும் வேலி, நாயின் கழுத்தில் 8 மீட்டர் கயிறு. "நில்" என்றால் ஓட்டத்தில் நிற்க வேண்டும். அது பழகாமல் ஆட்டின் முன்னால் விடவே கூடாது. பத்து நிமிடத்துக்கு மேல் போனால் வேலை விளையாட்டாகி, விளையாட்டு துரத்தலாகும். ஆட்டின் காலைக் கவ்விய நொடியில் கயிற்றைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிடுங்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

சாப்பாடு

12 கிலோ நாய்க்கு நாளுக்குச் சுமார் 700 கலோரி வேண்டும். கடைத் தீனி என்றால் 190–200 கிராம், பொட்டலத்தில் உள்ள கலோரியைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். வீட்டுச் சமையல் என்றால் சோறு 200 கிராம், எலும்பில்லாத அவித்த கோழி 200 கிராம், ஒரு முட்டை, கொஞ்சம் கேரட் அல்லது பூசணி, எல்லாம் இரண்டு வேளையாக. இதில் சுண்ணாம்புச் சத்து போதாது, மருத்துவரிடம் அளவு கேட்டுச் சேருங்கள். மீந்த கோழிக் குழம்புச் சோறு கூடவே கூடாது. நம் குழம்பில் சின்ன வெங்காயமும் பூண்டும் கைநிறையப் போகிறது. இரண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வேகவைத்தாலும் விஷம் போகாது. பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். எண்ணெயில் பொரித்த பணியாரமும் சீயமும் கணைய வீக்கத்துக்கு வழி.

உண்ணி, தடுப்பூசி, கண்

இந்த முடிக்குள் உண்ணி கண்ணில் படாது, விரலில்தான் படும். வெளியே போய் வந்ததும் காது மடல், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் தடவிப் பாருங்கள். கருவேல முள்ளும் அப்போதே அகப்படும். பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே, தூணடியிலும் நிலைக்கதவு இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை, இடுக்குகளையும் மாதக்கணக்கில் சுத்தம் செய்ய வேண்டும். மாத்திரையை எடை பார்த்து மருத்துவர் எழுதித் தருவார். மண்ணெண்ணெய் தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள், தோல் வெந்துபோகும். காய்ச்சல், ஈறு வெளுப்பு, மூக்கில் ரத்தம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே ரத்தப் பரிசோதனை எடுங்கள்.

ரேபிஸ் ஊசி மூன்றாம் மாதத்தில், பிறகு ஆண்டுதோறும். ஊருணி, கண்மாயில் நீந்த விடுவதாக இருந்தால் எலிக்காய்ச்சல் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

கண்வில்லை நழுவும் நோய் பெரும்பாலும் 3 முதல் 8 வயதுக்குள் தலைகாட்டும். முகம் முழுக்க முடி இருப்பதால் கண்ணை மறைக்கும் இழைகளை ஒழுங்காக வெட்டி வைத்தால்தான் தெரியும். ஒரு கண் சிவந்து, நீர் வழிந்து, கருவிழி நீலம் பாய்ந்தாற்போல் மங்கி, நாய் அந்தப் பக்கத்தைத் தொட விடாவிட்டால் சொட்டு மருந்து போட்டுக் காத்திருக்கக் கூடாது. கண்ணுக்குள் அழுத்தம் ஏறினால் சில மணி நேரத்தில் பார்வை போய்விடும். பக்கத்து ஊர் மருத்துவரிடம் அழுத்தத்தைக் குறைக்க மருந்து வாங்கிக்கொண்டு, அன்றைக்கே மதுரைக்கோ சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கிளம்புங்கள். மரபணு அறிக்கை கையில் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.