சிபிஆர் வழிகாட்டுதல்கள் புதுப்பிக்கப்படும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிபிஆர் என்ற இதய உயிர்மீட்பு முதலுதவியில், இதயம் நின்றுபோன பெரியவருக்கு 15 முறை மார்பை அழுத்திவிட்டு 2 முறை மூச்சு கொடுக்க வேண்டும் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தவறாகக் கற்கவில்லை. அவர்கள் கற்ற காலத்தில் அதுதான் சரியான முறை. அழுத்துவதை நிறுத்தும் ஒவ்வொரு முறையும் இதயத்துக்கும் மூளைக்கும் போகும் ரத்தம் சட்டென்று குறைகிறது, மறுபடி பழைய நிலைக்கு வர பல அழுத்தங்கள் தேவைப்படுகின்றன என்பது தெளிவானதால், 2005-ல் அந்த விகிதம் 30-க்கு 2 என்று மாறியது. மாற்றம் வந்து 20 வருடங்கள் ஆகியும் பழைய எண் பலர் மனதில் அப்படியே இருக்கிறது. புதிய விதியை அறிவிக்க ஒரு நாள் போதும். பழைய விதியை மனதிலிருந்தும் சுவரிலிருந்தும் கருவியிலிருந்தும் எடுப்பதற்குத்தான் வருடங்கள் ஆகின்றன. இந்தத் துறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் பிறப்பவை.

"ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதானே மாறும்" என்ற நினைப்பிலிருந்து தொடங்கலாம். உலக அளவில் சான்றுகளை எடைபோடும் இல்கோர் என்ற கூட்டமைப்பு 1992-ல் உருவானது. 2000, 2005, 2010 என்று ஐந்து வருட இடைவெளியில் பெரிய தொகுப்புகள் வந்ததால் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஆனால் 2017 முதல் இல்கோர் ஒவ்வொரு வருடமும் புதிய சான்றுகளைப் பரிசீலித்துச் சுருக்கம் வெளியிடுகிறது. அதையொட்டி அமெரிக்க இதய சங்கம் போன்ற அமைப்புகள் இடைக்காலத் திருத்தங்களும் தருகின்றன. இதயத் துடிப்பின் தாளக் கோளாறுக்குக் கொடுக்கும் அமியோடரோன், லிடோகெயின் மருந்துகள் பற்றிய திருத்தம் 2018-ல் இப்படித்தான் வந்தது. அடுத்த பெரிய தொகுப்பு வரட்டும் என்று காத்திருந்தால் நடுவில் வந்தவை எல்லாம் தவறிப்போகும். ஒவ்வொரு மருத்துவமனையிலும் இதைக் கவனிப்பதற்கென்று பெயர் சொல்லி ஒருவரை நியமிக்க வேண்டும். எல்லோருடைய பொறுப்பு என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இல்கோர் வெளியிடுவதை அப்படியே சிகிச்சை நெறிமுறையாக எடுத்துக்கொள்வதும் தவறு. அது சான்றுகள் பற்றிய ஒருமித்த கருத்து மட்டுமே. அதை வைத்து ஒவ்வொரு பிராந்தியத்தின் அமைப்பும் தனக்கான வழிகாட்டுதலை எழுதுகிறது. ஒரே சான்றிலிருந்து இரண்டு வழிகள் பிறப்பதும் உண்டு. குழந்தைகளுக்கு ஐரோப்பிய உயிர்மீட்பு கவுன்சில் முதலில் 5 மூச்சு கொடுக்கச் சொல்கிறது. அமெரிக்க வழிகாட்டுதல் மார்பு அழுத்தத்தில் தொடங்குகிறது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் ஒரே குழுவில் பாதிப் பேர் ஒன்றையும் மீதிப் பேர் இன்னொன்றையும் கற்றிருந்தால், குழந்தையின் அருகே நின்று யார் சொல்வது சரி என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து முழுவதுமாகப் பின்பற்றுங்கள்.

அடுத்தது, ஒரு ஆய்வின் தலைப்பை மட்டும் படித்துவிட்டு முறையை மாற்றுவது. இதற்கு உடல் வெப்பநிலையின் கதையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. இதயம் மறுபடி துடித்தும் நினைவு திரும்பாத நோயாளிகளின் உடலைக் குளிர்வித்தால் மூளை காப்பாற்றப்படுகிறது என்று 2002-ல் ஐரோப்பாவிலிருந்து ஒன்றும் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒன்றுமாக இரண்டு ஆய்வுகள் வந்தன. மறு வருடமே 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கலாம் என்று இல்கோர் பரிந்துரைத்தது. 2013-ல் 33 டிகிரியையும் 36 டிகிரியையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வு இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றது. அதைச் சில இடங்களில் "இனிமேல் வெப்பநிலையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்" என்று புரிந்துகொண்டார்கள். ஆய்வு சொன்னது அதுவல்ல. 36-ல் வைப்பதற்கும் விடாத கண்காணிப்பு வேண்டும். கவனம் தளர்ந்த தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் காய்ச்சல் வந்த நோயாளிகளின் எண்ணிக்கை கூடியதாகப் பின்னர் ஆஸ்திரேலியாவிலிருந்து அறிக்கைகள் வந்தன. அப்புறம் 2021-ல் சுமார் 1,900 பேரை வைத்து நடந்த ஆய்வு, 33 டிகிரிக்குக் குளிர்விப்பதும் காய்ச்சல் வராமல் பார்த்துக்கொள்வதும் ஒரே பலனைத் தருவதாகக் காட்டியது. அந்த இரண்டாவது குழுவிலும் வெப்பநிலை 37.8-ஐத் தொட்டால் கருவி வைத்துக் குளிர்வித்தார்கள். தலைப்பை மட்டும் படித்தவர்களுக்கு இந்த வரி தெரியாது. இப்போதைய அறிவுரையின் மையம் 37.5 டிகிரியைத் தாண்ட விடாமல் முனைந்து தடுப்பது. சும்மா விடுவதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

பரிந்துரையின் பலத்தைப் பார்க்காமல் படிப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தவறுதான். ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில் அதன் வகையும் சான்றின் தரமும் எழுதியிருக்கும். "கட்டாயம் செய்" என்பதும் "செய்து பார்க்கலாம்" என்பதும் ஒன்றல்ல. "பயன் இல்லை" என்பதும் "தீங்கு" என்பதும் ஒன்றல்ல. இதயம் முழுதாக நின்றுபோன நோயாளிக்கு துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்தை வழக்கமாகக் கொடுப்பது 2010-ல் கைவிடப்பட்டது. அதைக் கேட்டுவிட்டு அவசர மருந்து ட்ராலியிலிருந்து அட்ரோபினையே எடுத்துவிட்டால், துடிப்பு மிகவும் குறைந்து மயங்கும் நோயாளிக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. அங்கே அது இன்றும் முதல் மருந்து. எதை நீக்கினார்கள் என்பதோடு எந்த நிலையில் நீக்கினார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சுவரொட்டியை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதும் உண்டு. 2005-க்கு முன்பு அடுத்தடுத்து மூன்று மின் அதிர்ச்சி கொடுப்பது வழக்கம். 2005-ல் அது ஒன்றாகக் குறைந்து, உடனே அழுத்தத்தைத் தொடர வேண்டும் என்றானது. ஆனால் அன்று சுவர்களில் தொங்கிக்கொண்டிருந்த, குரலில் வழிகாட்டி மின் அதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவிகளுக்கு அது தெரியாது. மென்பொருளை மாற்றும் வரை அவை பழைய கட்டளையையே பேசின. கருவி சொல்வதை மீறும் துணிச்சல் அந்த நேரத்தில் யாருக்கும் வராது. ஆகவே ஒவ்வொரு மாற்றம் வரும்போதும் கருவி, ட்ராலிப் பட்டியல், பயிற்சிப் பாடம், சட்டைப்பையில் வைக்கும் அட்டை, கணினியில் உள்ள மருந்து ஆணை என்று எங்கெல்லாம் பழையது ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பார்க்க வேண்டும். கோவிட் காலத்தில் வந்த தற்காலிக விதிமுறைகளும் இப்படித்தான்: சேர்க்கும்போது இருந்த அவசரம் எடுக்கும்போது இருப்பதில்லை.

கைகளையும் மறக்கக் கூடாது. கற்ற திறன் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்குகிறது. சான்றிதழோ பொதுவாக 2 வருடம் செல்லும். புதிய வழிகாட்டுதலைச் சுற்றறிக்கையாக அனுப்பி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவதை நான் பயிற்சியாகவே கருதுவதில்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம் என்ற வேகத்தை ஒருவர் படித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் பதற்றத்தில் 140-க்குப் போய்விடுவார், வேகம் கூடக்கூட ஆழம் குறையும். அமெரிக்க வழிகாட்டுதலில் 2010-ல் "குறைந்தது 100" என்று மட்டும் இருந்ததற்கு 2015-ல் மேல்வரம்பு வைத்ததன் காரணமும் இதுதான். அடிக்கடி கொஞ்ச நேரம் பொம்மையின் மேல் அழுத்திப் பழகுவது, வருடத்துக்கு ஒருமுறை நாள் முழுக்க உட்கார்ந்து கேட்பதைவிடப் பயன் தரும்.

சரி, மருத்துவத் துறையில் இல்லாதவர்கள்? அவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது வேறொரு தவறு. "நான் கற்றது பழசு, இப்போது மாறியிருக்கும், தப்பாகச் செய்துவிடுவேனோ" என்று தயங்கி நின்றுவிடுவார்கள். ஆனால் இத்தனை வருட மாற்றங்களில் பெரும்பாலானவை பொதுமக்களின் வேலையை எளிதாக்கவே வந்தன. நாடித்துடிப்பைத் தேட வேண்டாம் என்றார்கள். பழக்கமில்லாவிட்டால் மூச்சு கொடுக்காமல் மார்பை மட்டும் அழுத்தினாலும் போதும் என்றார்கள். நடு மார்பில், பெரியவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிறுத்தாமல் அழுத்துங்கள். பழைய விகிதத்தில் செய்தாலும் ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

போனை ஸ்பீக்கரில் போட்டு அவசர எண்ணை அழையுங்கள். பல ஊர்களில் மறுமுனையில் இருப்பவரே எப்படி அழுத்துவது என்று சொல்லிக்கொடுப்பார். அவர் கையில் இருக்கும் கேள்விப் பட்டியலும் ஒரு வழிகாட்டுதல்தான், அதையும் புதுப்பிக்க வேண்டும். "மூச்சு விடுகிறாரா?" என்று கேட்டால், நின்றுபோன இதயத்தோடு எப்போதாவது ஒருமுறை வாயைத் திறந்து திணறுபவரைப் பார்த்துவிட்டு "ஆமாம்" என்று சொல்லிவிடுவார்கள். "சாதாரணமாக மூச்சு விடுகிறாரா?" என்று கேட்டால் "இல்லை" என்பார்கள், உடனே அழுத்தத் தொடங்கிவிடலாம்.